பாட்டில் சுவர்களின் பங்கு

புனேயின் ஔந்தில் புதிதாகக் கட்டி முடித்த அடுக்குமாடியில் வீடு பார்க்கப் போகிறவர்கள், தங்களுக்கே தெரியாமல் ஓர் ஒலியியல் சோதனையைச் செய்துவிடுகிறார்கள். தரகர் பூட்டைத் திறந்து வெறும் ஹாலின் நடுவே நின்று வாடகை, அட்வான்ஸ், பார்க்கிங் என்று பேச ஆரம்பித்ததும், அவருடைய குரல் அவரைவிடப் பெரிதாகக் கேட்கிறது. சாவிக்கொத்து கை தவறி விழுந்தால் வீடே கலகலக்கிறது. ஒரு மாதம் கழித்து, சோபாவும் மெத்தையும் திரைச்சீலையும் துணிமணியும் வந்து சேர்ந்த பிறகு, அதே தரகர் அதே இடத்தில் நின்று பேசட்டும். சாதாரண மனிதராகிவிடுவார். சுவரும் கூரையும் மாறவில்லை. அவர் பேசிய சொல் ஒவ்வொன்றும் காற்றில் எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தது என்பதுதான் மாறியிருக்கிறது.

இதைப் பள்ளிப் பாடநூல் எதிர்முழக்கம் என்கிறது. ஒலிப்பதிவுக்காரர்கள் ரிவெர்ப் என்கிறார்கள். மைக்செட் வைக்கிறவர்கள் பல பேர் எல்லாவற்றையும் சேர்த்து ‘எக்கோ’ என்றே சொல்லிவிடுகிறார்கள். எதிரொலியும் இதுவும் பிறப்பது ஒரே விதமாகத்தான், ஆனால் காதுக்கு இரண்டும் வேறு. எதிரே பதினேழு மீட்டர் தள்ளி ஒரு பாறை இருந்தால், நம் கூச்சல் போய்த் திரும்ப 34 மீட்டர், அதாவது பத்தில் ஒரு வினாடி ஆகும். அந்த இடைவெளி இருந்தால் காது அதைத் தனி ஒலியாகப் பிரித்துக் கேட்கும். அறைக்குள் அப்படி நடப்பதில்லை. முதல் எதிரொலிப்புகள் ஐம்பது மில்லி வினாடிக்குள் வந்து சேர்ந்துவிடுகின்றன. காது அவற்றை மூல ஒலியோடு ஒட்டிக் கேட்டு, குரல் கொஞ்சம் பருத்திருக்கிறது என்று மட்டும் முடிவு செய்கிறது. அதற்குப் பின்னால் ஆயிரக்கணக்கான எதிரொலிப்புகள் எண்ண முடியாத நெருக்கத்தில் வந்து, தேய்ந்து, அடங்குகின்றன. அந்த வால்தான் ரிவெர்ப்.

ஔந்த் வீட்டு ஹாலையே கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாம். ஐந்து மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம். இந்த அளவு அறையில் ஒலி ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவரை அடையச் சராசரியாக இரண்டரை மீட்டர் போனால் போதும். வினாடிக்கு 340 மீட்டர் ஓடும் ஒலி, ஒரு வினாடியில் 130 தடவைக்கு மேல் எதிலாவது மோதும். பெயின்ட் அடித்த சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையும் ஒவ்வொரு மோதலிலும் நூற்றுக்கு மூன்று பங்கு ஆற்றலைத்தான் பிடுங்கிக்கொள்கின்றன என்று வைத்தால், ஒலி பத்து லட்சத்தில் ஒரு பங்காகத் தேய 3.4 வினாடி ஆகிறது. மெத்தை, சோபா, திரைச்சீலை வந்தபின் அது 0.6 வினாடிக்கு இறங்கிவிடும்.

இந்தக் கணக்கைப் போடும் வழியைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த வாலஸ் கிளெமென்ட் சபைன். 1895இல் அவருக்கு 27 வயது. பல்கலைக்கழகம் ஃபாக் கலைக்கூடத்தில் புதிதாக ஒரு விரிவுரை அரங்கு கட்டியிருந்தது. பார்க்க அழகான அரங்கு. ஆனால் பேராசிரியர் பேசினால் ஒரு வார்த்தைகூடப் புரியாது. ஒரு சொல் ஐந்தரை வினாடி காற்றில் நின்றால், அதற்குள் அவர் அடுத்து பன்னிரண்டு, பதினைந்து சொற்களாவது பேசியிருப்பார். எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கூழாகும். இதைச் சரிசெய்யச் சொல்லி இளைய ஆசிரியரான சபைனிடம் ஒப்படைத்தார்கள்.

அவர் கையில் இருந்தவை ஓர் ஆர்கன் குழல், ஒரு நேரமானி, தன் இரண்டு காதுகள். பகலில் தெருவில் டிராம் வண்டிகளின் இரைச்சல். அதனால் நள்ளிரவுக்குப் பிறகுதான் வேலை. பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை உதவியாளர்களோடு சுமந்து வருவார். சில மெத்தைகளைப் போட்டுக் குழலை ஊதி நிறுத்தி, ஒலி முற்றிலும் மறையும்வரை நேரம் குறிப்பார். இன்னும் சில மெத்தைகள், மறுபடி ஊதல். விடிவதற்குள் மெத்தைகள் எல்லாம் சாண்டர்ஸ் அரங்குக்குத் திரும்பிப் போய்விட வேண்டும், காலையில் அங்கே ஆட்கள் வந்து உட்காருவார்கள். இப்படிப் பல இரவுகள். தான் போட்டிருக்கும் உடையே அளவை மாற்றுகிறது என்று நடுவில் தெரிந்ததும், அதன்பின் எல்லாச் சோதனைக்கும் ஒரே உடையை உடுத்தினாராம். அறிவியலில் கண்டுபிடிப்பைவிடக் கண்டுபிடித்தவரின் பிடிவாதம் எனக்குப் பிடித்துப்போகும் சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

1898 இலையுதிர் காலத்தில் எண்களுக்குள் ஒளிந்திருந்த வடிவம் அவருக்குப் பிடிபட்டது. அரங்கின் கன அளவு கூடினால் ஒலி நிற்கும் நேரம் கூடும். ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் நேரம் குறையும். மீட்டர் கணக்கில் சொன்னால், கன அளவை உறிஞ்சும் பரப்பால் வகுத்து 0.161ஆல் பெருக்கினால் வினாடி கிடைத்துவிடும். உறிஞ்சலை அளக்க அவர் எடுத்துக்கொண்ட அலகு எளிமையானது: திறந்த ஜன்னல். ஜன்னல் வழியே வெளியே போன ஒலி திரும்பி வருவதில்லை, ஆகவே ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னல் முழுமையான உறிஞ்சி. மெத்தைக்கும் கம்பளத்துக்கும் மனிதருக்கும் இந்த ஜன்னல் கணக்கில்தான் மதிப்பு.

உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளுக்கு ஏறத்தாழ அரை சதுர மீட்டர் ஜன்னல் மதிப்பு. ஐநூறு பேர் வந்து அமர்ந்தால், சுவரில் இருநூறு சதுர மீட்டருக்கு மேல் திறந்துவிட்ட மாதிரி. காலியான கல்யாண மண்டபத்தில் மாலை ஐந்து மணிக்கு மைக் டெஸ்ட் செய்து பக்காவாக வைத்த சத்தம், ஏழு மணிக்குக் கூட்டம் சேர்ந்ததும் வேறு மாதிரி ஆகிவிடுவது இதனால்தான். பட்டுப்புடவைகளும் உடம்புகளும் ஒலியைக் குடித்துவிடுகின்றன. நம் மண்டபங்களில் பளிங்கும் கண்ணாடியும் பொய்க்கூரையும் மின்னுகிற அளவுக்கு ஒலியைப் பற்றி யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. கோயில் வீதியில் ஊர் முழுக்கக் கேட்க வேண்டும் என்று வடிவெடுத்த நாகஸ்வரத்தையும் தவிலையும் அந்தப் பளிங்குப் பெட்டிக்குள் அடைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தவரோடு பேச முடியவில்லை என்று வாசிப்பவர்களைக் குறை சொல்கிறோம்.

சபைன் தன் சூத்திரத்தை வைத்துத் திட்டமிட்ட முதல் இசையரங்கு பாஸ்டன் சிம்பொனி ஹால், 1900 அக்டோபரில் திறந்தது. கூட்டம் நிறைந்திருக்கும்போது அங்கே ஒலி நிற்பது ஏறத்தாழ 1.9 வினாடி. உலகின் மிகச் சிறந்த அரங்குகள் பட்டியலில் இன்றும் அதற்கு இடம் உண்டு. அப்படியானால் நல்ல இசையரங்கு என்றால் இரண்டு வினாடி என்று எழுதி வைத்துவிடலாமா?

ஔந்தில் பண்டித் பீம்சேன் ஜோஷி பெயரில் ஒரு கலாமந்திர் இருக்கிறது. கேள்விக்கு விடை அந்தப் பெயரிலேயே கிடைக்கும். கர்நாடகத்தின் கதக் பகுதியில் 1922இல் பிறந்து, புனேயில் வாழ்ந்து, 2011இல் மறைந்த இந்துஸ்தானிப் பாடகர் பீம்சேனின் தான்களை, அதாவது வேகமான ஸ்வர வரிசைகளை, கேட்டவர்களுக்கு அந்த வேகம் நினைவிருக்கும். வினாடிக்கு எட்டு ஸ்வரம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 125 மில்லி வினாடி. இரண்டு வினாடி எதிர்முழக்கம் உள்ள அரங்கில் ஒலி வினாடிக்கு 30 டெசிபல் தேய்கிறது. ஒரு ஸ்வரம் முடிந்து அடுத்தது பிறக்கும்போது முந்தையது நான்கு டெசிபல்தான் இறங்கியிருக்கும், அதற்கு முந்தையது ஏழு அல்லது எட்டு. பின்வரிசையில் இருப்பவர் காதில் நான்கைந்து ஸ்வரங்கள் ஒரே சமயத்தில் நிற்கும். ராகத்தின் வளைவு அங்கே கரைந்துபோகும். அதே தானை 0.6 வினாடி அறையில் பாடினால், அடுத்த ஸ்வரம் வருவதற்குள் முந்தையது பன்னிரண்டு டெசிபல் கீழே போய்விடும். காதுக்கு அது பாதிச் சத்தத்துக்கும் குறைவு. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகத் தெரியும்.

கர்நாடக சங்கீதத்துக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும். கமகம் என்பது ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குத் தாண்டுவதல்ல, நடுவிலுள்ள எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போவது. தோடியின் காந்தாரம் அசையும் அசைவை மூன்று வினாடி அரங்கில் பாடினால், அசைவு போய்க் கலங்கலான ஒரு பட்டை மிஞ்சும். பிருகாக்காரர்கள் பெரிய அரங்குகளில் திணறினால் அதற்குக் குரலை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

ஐரோப்பாவின் பெரிய தேவாலயங்களில் ஒலி ஐந்து, எட்டு வினாடிகள்கூட நிற்கிறது. அங்கே பிறந்த துதிப்பாடல்கள் மெதுவானவை, நீண்ட ஸ்வரங்கள் கொண்டவை. முந்தைய ஸ்வரம் அடங்காமல் அடுத்ததோடு சேர்ந்து ஒலித்துக் கேட்டுப் பழகிய காதுகளிலிருந்துதான் அங்கே பல ஸ்வரங்களைச் சேர்த்து அடுக்கும் இசை வளர்ந்தது என்று சிலர் சொல்வதுண்டு. நிரூபிக்க முடியாத வாதம், ஆனால் ஒதுக்கித் தள்ளவும் முடியவில்லை. நம் இசை வளர்ந்த இடங்கள் வேறு. கம்பளமும் திண்டும் விரித்த தர்பார் கூடம், பக்கங்கள் திறந்த கோயில் மண்டபம், ஜமீன் வீட்டு முற்றம், பிறகு துணிப் பந்தல். எல்லாமே திறந்த ஜன்னல்கள் நிறைந்த இடங்கள். ஒலி அங்கே நீண்ட நேரம் நிற்காது.

அப்படி நிற்காத ஒலியின் வறட்சியைப் போக்கத்தான் தம்புரா வந்து உட்கார்ந்தது என்பது என் ஊகம். நான்கு தந்திகளையும் விடாமல் மீட்டும்போது ஒன்றன் வால் அடங்குமுன் அடுத்தது எழுகிறது. பாலத்தில் வைத்த நூலிழை அந்த ஒலியை மேல்ஸ்வரங்களாக விரித்துக் காட்டுகிறது. சுவர்கள் தர வேண்டிய நீட்சியைத் தம்புரா தருகிறது, அதுவும் பெரும்பாலும் ஸாவிலும் பாவிலும் மட்டும். எந்த ஸ்வரத்தைப் பாடினாலும் அதையே பிடித்து வைத்துக்கொண்டு அடுத்ததைக் கெடுக்கும் கல்சுவரைவிட இது எவ்வளவோ நாகரிகமான ஏற்பாடு.

பீம்சேன் வந்த கிரானா குருமரபில் இதைக் காதால் சரிபார்க்கலாம். அவருடைய குரு ஸவாய் கந்தர்வா. ஸவாய் கந்தர்வாவின் குரு உஸ்தாத் அப்துல் கரீம் கான். தென்னாட்டு சங்கீதத்தின்மீது பெரும் பிடிப்புக் கொண்டவர், தியாகராஜரின் கிருதியையே பாடி இசைத்தட்டில் பதிந்தவர், 1937இல் சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் நம் சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் உயிர்விட்டவர். அவருடைய பழைய இசைத்தட்டுகளில் குரலைச் சுற்றி அறையே இல்லாத மாதிரி இருக்கும். குரல், சுருதி, தபலா, அவ்வளவுதான். ஸ்வரத்தில் நின்று நின்று பாடும் அந்தப் பாணிக்கு ரிவெர்ப் தேவைப்படும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் குறை தெரிவதில்லை.

குருவின் நினைவாக பீம்சேன் 1953இல் தொடங்கிய ஸவாய் கந்தர்வா விழா இன்றும் புனேயில் டிசம்பர் குளிரில் நடக்கிறது. பல ஆண்டுகள் ரமணபாக் பள்ளி மைதானம், பின்னர் முகுந்த நகர். பல்லாயிரம் பேர் பந்தலுக்குக் கீழே உட்காருகிறார்கள். துணிக்கூரை, மண்தரை, சால்வை போர்த்திய உடம்புகள்: சபைன் பார்த்திருந்தால் கூரை இல்லாத அரங்கு என்றே கணக்கெழுதியிருப்பார். அங்கே நாம் கேட்கும் நீட்சி முழுக்க மிக்ஸர் பெட்டியிலிருந்து வருவது.

கட்டடமே பாடகராக நின்ற இடம் வேண்டுமானால், புனேயிலிருந்து லோனாவாலா போகும் வழியில் கார்லா இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மலையைக் குடைந்து செய்த பௌத்த சைத்தியம். நீளம் ஏறத்தாழ 38 மீட்டர், உயரம் 14 மீட்டர், அநேகமாக எல்லாம் கரும்பாறை. முகப்பிலுள்ள குதிரைலாட ஜன்னலும் வாசல்களும்தான் ஒலி தப்பிக்கும் வழி. அங்கே ஒருவர் மந்திரத்தை நிதானமாக ஓதினால் பத்துப் பேர் ஓதுவதாகக் கேட்கும். புனே நகருக்குள்ளேயே, ஜங்லி மகராஜ் சாலையில், எட்டாம் நூற்றாண்டின் பாதாளேஸ்வரர் குடைவரை இருக்கிறது. அதுவும் அதே கரும்பாறைதான், ஆனால் கூரை தாழ்வு, முன்பக்கம் முழுக்கத் திறப்பு. அங்கே கைதட்டினால் ஒலி முற்றத்துக்கு ஓடிப்போய்விடுகிறது. கல் ஒன்றாக இருந்தும் இடம் இரண்டாகிறது.

பீஜப்பூரின் கோல் கும்பஸைப் பலரும் இந்த வரிசையில் சேர்ப்பார்கள். 1656இல் முடிந்த அந்தக் கல்லறையின் குவிமாடத்துக்குள் கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கம் நிற்பவர் காதில் விழும். திருச்சிக்காரரான சி.வி. ராமன் லண்டன் தூய பால் தேவாலயத்தின் கிசுகிசு மாடத்தையும் இந்தக் கும்பஸையும் 1920களின் தொடக்கத்தில் ஆராய்ந்தவர். ஆனால் அங்கே நடப்பது வளைந்த சுவரை ஒட்டியே ஒலி தவழ்ந்து போவது. ரிவெர்பில் அதற்கு நேர்மாறாக, ஒலி எங்கிருந்து வருகிறது என்பதே தெரியாமல் எல்லாத் திசையிலும் பரவ வேண்டும்.

இனி ஒலிப்பதிவுக் கூடம். அங்கே அறையைக் கொன்றுவிட்டுத்தான் வேலை தொடங்குகிறது. சுவரெல்லாம் பஞ்சும் துளைப்பலகையும். பதிவான குரல் ‘ட்ரை’, அதாவது ஊரும் வீடும் இல்லாத குரல். அதற்குப் பிறகு எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது என்று தீர்மானிக்கிறார்கள்.

இந்த வித்தைக்குக் கருவி கைக்கு வராத காலத்திலேயே நம் நாட்டில் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1949இல் வந்த ‘மஹல்’ படத்தில் கேம்சந்த் பிரகாஷ் இசையில் லதா மங்கேஷ்கர் பாடிய ‘ஆயேகா ஆனேவாலா’. தொலைவிலிருந்து ஒரு குரல் நெருங்கி வர வேண்டும் என்பது காட்சி. லதா மைக்கிலிருந்து தள்ளி அறையின் மூலையில் நின்று பாடத் தொடங்கி, பாடிக்கொண்டே மெல்ல நடந்து மைக்கிடம் வந்து சேர்ந்தார், அவரே பின்னாளில் சொன்னது இது. மைக்குக்கும் அவருக்கும் உள்ள தூரம் பாதியாகும்போது நேரடியாக வரும் குரல் ஆறு டெசிபல் உயர்கிறது. சுவர்களிலிருந்து வரும் முழக்கமோ அறை முழுக்க ஒரே அளவில் நிரம்பியிருப்பதால் ஏறத்தாழ மாறுவதில்லை. இரண்டுக்கும் உள்ள விகிதத்தை வைத்துத்தான் காது தூரத்தை அளக்கிறது. வெறுமனே சத்தத்தைக் கூட்டியிருந்தால் குரல் பெரிதாகியிருக்கும், நெருங்கியிருக்காது. படம் பார்த்தவர்களுக்கு இந்த இயற்பியல் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர்கள் காதுகளுக்குத் தெரிந்திருந்தது.

அமெரிக்காவில் 1947இலேயே பில் புட்னம் என்ற ஒலிப்பதிவாளர் ஸ்டூடியோவின் குளியலறைக்குள் ஒலிபெருக்கியையும் மைக்கையும் வைத்து ரிவெர்ப் எடுத்தார். பிறகு வந்தது 1957இல் ஜெர்மானிய நிறுவனமான இ.எம்.டி. செய்த பிளேட்: இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் மெல்லிய எஃகுத் தகடு, சட்டத்தில் இழுத்துக் கட்டியது, மொத்த எடை 270 கிலோவுக்குக் கிட்ட. குரல் தகட்டை அதிரச் செய்யும். தகட்டில் ஓடித் திரும்பும் அதிர்வுகள் அரங்கின் முழக்கமாக வெளிவரும். இன்றைய பெட்டிகளிலும் செயலிகளிலும் ‘பிளேட்’ என்று ஒரு பொத்தான் இருப்பதன் பூர்வீகம் இதுதான். கித்தார் ஆம்ப்ளிஃபயருக்குள் ஸ்பிரிங் வைத்ததும் இதே யோசனையின் மலிவு வடிவம்.

கணினிக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பெல் ஆய்வகத்தின் மன்ஃப்ரெட் ஷ்ரோடர், 1960களின் தொடக்கத்தில். ஒலியைச் சற்றுத் தாமதித்து, குறைத்து, திரும்பவும் உள்ளே அனுப்பும் வளையங்கள் சிலவற்றை அவர் அடுக்கினார். எல்லா வளையங்களும் ஒரே நேரத்தில் சுற்றினால் தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல் இருக்கும். அதனால் ஒன்றோடொன்று வகுபடாத நீளங்களைத் தேர்ந்தெடுத்தார். வினாடிக்கு ஆயிரம் எதிரொலியாவது இருந்தால்தான் காது எண்ணுவதை நிறுத்திவிட்டு ஓர் அறை என்று நம்பும் என்பது அவர் வைத்த அளவு.

இப்போதைய முறை இன்னும் துணிச்சலானது. ஓர் இடத்துக்குப் போய் ஒரு பலூனை உடைத்து அதன் முழக்கத்தைப் பதிந்தால், அந்த இடத்தின் முழு வரலாறும் அந்த ஒரே வெடிப்பில் இருக்கிறது. எந்தச் சுவர் எவ்வளவு தூரத்தில், எது கல், எது திரை, எல்லாம். அதை எடுத்துக்கொண்டு எந்தக் குரலோடும் கணிதமாகப் பெருக்கிச் சேர்க்கலாம். இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவில் பாடத் தடை இருந்த காலத்தில், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே சில பலூன்களை மட்டும் உடைத்துப் பதிந்தார்கள். கப்பெல்லா ரொமானா என்ற குழு அமெரிக்காவில் இருந்துகொண்டு, பதினொரு வினாடி முழக்கம் கொண்ட அந்த ஆலயத்துக்குள் பாடி, 2019இல் இசைத்தட்டாக வெளியிட்டது. கார்லாவிலும் யாராவது தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்கி ஒரு பலூன் உடைக்கலாம்.

ஆனால் அந்தக் கார்லாவை எடுத்து ஒரு கச்சேரிக் குரலின்மேல் போர்த்தினால் கெட்டுப்போகும். இன்று நம் மேடைகளில் நடக்கும் தவறு பெரும்பாலும் இதுதான். பெட்டியில் ‘ஹால்’ என்றும் ‘கத்தீட்ரல்’ என்றும் தயாராக இருப்பவை சிம்பொனிக்கும் துதிப்பாட்டுக்கும் அளவெடுத்துத் தைத்தவை. பாடகர்களும் மானிட்டரில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்பார்கள். ரிவெர்ப் குரலின் பிசிறை மறைக்கும், பாடுகிறவருக்குத் தெம்பு தரும். குளியலறையில் எல்லோரும் வித்வான் ஆவதன் காரணமும் வேறல்ல. அதற்கு விலை கொடுப்பவர் கேட்கிறவர்: சாகித்யத்தின் சொல் போய்விடுகிறது, தானின் விளிம்பு போய்விடுகிறது.

நல்ல ஒலிக்காரர்கள் செய்வது வேறு. முதலில், குரலுக்கும் வாலுக்கும் நடுவே முப்பது மில்லி வினாடி இடைவெளி விடுகிறார்கள், அப்போது மெய்யெழுத்துகள் துலக்கமாகத் தப்பித்துவிடும். நிஜ அறையில் காற்றும் துணியும் உச்ச அதிர்வுகளை முதலில் தின்றுவிடுவதால், வாலின் மேற்பகுதியையும் அவர்கள் சீக்கிரம் அடங்க விடுகிறார்கள். பிறகு கச்சேரியோடு சேர்ந்து கையையும் நகர்த்துகிறார்கள். ஆலாபின் மந்தர ஷட்ஜத்துக்கு ஒன்றரை வினாடி தாராளமாகக் கொடுத்து, விளம்பிதம் நகரத் தொடங்கியதும் குறைத்து, துருதத்தில் தான்கள் புறப்படும்போது ஏறத்தாழ மூடியே விடுகிறார்கள். தபலாவுக்கு எப்போதும் குரலைவிடக் குறைவு. கூட்டம் பாதி கலைந்துவிட்டால் அரங்கு தானாகவே நீளும் என்பதால் இன்னும் கொஞ்சம் குறைக்கிறார்கள்.